தண்டின் பின்முனை

ஜூன் 4

அச்சக உரிமையாளர் அவர்களுக்கு,

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனியும் அப்படி இருப்பதாக இல்லை.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆசிரியர். விடுமுறையில் குடும்பத்தோடு மலைக்குப் போய்வந்தவர், திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் என் மேஜைமேல் ஒரு சின்னப் புத்தகத்தை வைத்தார். "சார், உங்க ஊர்க் கோயில் புத்தகம். எழுதினது யாருன்னு தெரியுமா? பேரே போடல."

தல வரலாறு, ஏழாம் பதிப்பு. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். "தம்பி தண்டை இறக்கி வைத்தான். திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிப் போனான்." அதோடு சரி. கீழே அரைப் பக்கம் வெள்ளை. அதற்கும் அடியில் உங்கள் அச்சகத்தின் முகவரி மட்டும் கொட்டை எழுத்தில்.

நான் எழுதிக் கொடுத்தது பதினெட்டுப் பக்கம். அப்பாவின் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்து எழுதினேன். முதல் பதிப்பு வந்தபோதே கடைசி இரண்டு பக்கமும் என் பெயரும் காணாமல் போயிருந்தன. அப்போது கேட்கவில்லை, கேட்கிற உறவு நமக்குள் இல்லை. இப்போது கேட்கிறேன்.

அச்சடிக்கிறவர் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆகவே கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் மழையில்லை. ஆற்றங்கரையில் இருக்கும் சுவாமியைக் கொண்டுபோய் மலையுச்சியில் வைத்தால் மழை வரும் என்றார் ஒரு முனிவர். வழியில் எங்கே தரையைத் தொட்டாலும் அதுவே சுவாமியின் இடம். இரண்டு சகோதரர்கள் முன்வந்தார்கள். ஒரு மரத்தண்டின் நடுவே சுவாமியைக் கட்டித் தொங்கவிட்டு, முன்முனையை அண்ணனும் பின்முனையைத் தம்பியும் தோளில் வைத்து ஏறினார்கள். தம்பிக்குத் தோள் கிழிந்தது. முனை மாற்றிக்கொள்ளலாம் என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் "இன்னும் கொஞ்சம்தான்" என்றான் முன்னால் போனவன். பாதி மலையில், படி திரும்பும் இடத்தில், தம்பி இறக்கி வைத்துவிட்டுப் போனான். அதனால்தான் அங்கே சுவாமி உச்சியிலும் இல்லை, அடிவாரத்திலும் இல்லை. அதனால்தான் கிழக்கு பார்க்காமல், இறங்கும் படியைப் பார்த்தபடி இருக்கிறார்.

உங்கள் புத்தகம் இங்கே நிற்கிறது. என் புத்தகம் நிற்கவில்லை. தனியாகத் தூக்கப் பார்த்த அண்ணனிடம் சுவாமி பேசினார், "முன்னால் நடந்தவனுக்குப் பாரம் தெரியாது, நீ இங்கேயே நில்" என்றார், அண்ணன் கல்தூணானான் என்பது அந்த இரண்டு பக்கம். திருப்பத்தில் நிற்கும் தூணுக்கு விளக்கமும் அதுதான்.

அதை வெட்டியதன் பலன் என்ன தெரியுமா? தம்பி இன்னும் வரவில்லை, வருவான் என்று ஜனங்கள் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அங்கே போகிறவர்களெல்லாம், சன்னதியில் வைத்திருக்கும் அந்தத் தண்டின் பின்முனைக்குத் தோள் கொடுத்துவிட்டு, பேச்சு விட்டுப்போன உறவுக்காரர்களை நினைத்துக்கொள்கிறார்களாம். இயற்பியல்காரரும் கொடுத்திருக்கிறார்.

"என் தங்கச்சியோட நாலு வருஷமாப் பேச்சு இல்ல சார். மலையிலேருந்தே போன் பண்ணினேன்."

"என்ன சொன்னாங்க?"

"யாரு பேசறதுன்னு கேட்டா. நம்பரையே அழிச்சுட்டா போல. ஆனா வைக்கல சார், முக்கால் மணி நேரம் பேசினா. அதுல அரை மணி திட்டு."

எட்டாம் பதிப்பில் அந்த இரண்டு பக்கமும் என் பெயரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோயில் நிர்வாகத்துக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
தமிழ்த்துறை விரிவுரையாளர்


ஜூன் 11

தம்பிக்கு,

உறைமேல் எனக்கு "உயர்திரு" போட்டிருந்தாய். நம் தபால்காரர் வாசலில் நின்று, "வீடு மாறி வந்துட்டுதோ?" என்று கேட்டார். உன் அண்ணி, உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "வீடு சரியாத்தான் வந்திருக்கு. மரியாதைதான் வழி மாறிடுச்சு" என்றாள். மூன்று தடவை படித்தாள். உனக்கு இன்னும் அந்த முதுகுவலி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள்.

இரண்டு பக்கத்தை எடுத்தது நான்தான். பதினாறு பக்கம் ஒரு தாளில் அடங்கும். பதினெட்டு என்றால் இன்னொரு தாள், இன்னொரு மடிப்பு, கம்பிப் பின் அடிக்கும்போது பிதுங்கும். அதனால் எடுத்தேன்.

கதையைச் சொன்னதற்கு நன்றி. ஏழு பதிப்பு அச்சுக் கோத்தவனுக்கு அது மனப்பாடம். இருந்தாலும் நீ சொல்லிக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தண்டு விஷயம் நீ கேள்விப்பட்டது உண்மை. முதலில் யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. நம் சின்ன வயதில் முன்முனைதான் கருத்து வழுவழுப்பாக இருக்கும், தொட்டுக் கும்பிடுகிறவர்கள் அதைத்தான் தொடுவார்கள். பின்முனை சொரசொரப்பாக, சிலாம்பு கையில் ஏறும். இப்போது போய்ப் பார், இரண்டும் ஒரே மாதிரி.

போன வாரம் இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள், அக்காள் தங்கை. வெவ்வேறு பஸ்ஸில் வந்து, நம் அச்சகக் கடை வாசலில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு புத்தகம் வாங்கினார்கள். "நீ எதுக்குடி வந்தே?" என்றாள் பெரியவள். "நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்" என்றாள் சின்னவள். அப்புறம் யார் முன்முனை யார் பின்முனை என்று இங்கேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஏறும்போது சேர்ந்துதான் ஏறினார்கள்.

எட்டாம் பதிப்புக்குத் தாள் சொல்லியிருக்கிறேன். ஜூலை பன்னிரண்டு அச்சேற வேண்டும். பதினாறாம் பக்கத்தில் அரைப் பக்கம் இருக்கிறது. அதற்குள் அடங்குகிற மாதிரி நீயே எழுதிக் கொடு. பெயரும் போடலாம்.

வருகிறாயா?

அண்ணன்


ஜூன் 16

அச்சக உரிமையாளர் அவர்களுக்கு,

தாள் கணக்கை என்னிடம் சொல்ல வேண்டாம். அந்த அச்சகத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து வயதிலிருந்து தாள் மடித்தவன் நான். எழுத்தை ஒரு அளவு சின்னதாக்கியிருந்தால் பதினெட்டும் பதினாறில் அடங்கியிருக்கும். அது உங்களுக்கும் தெரியும். ஆகவே உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அது தாளில் ஆரம்பித்ததல்ல, அப்பா போன நாளில் ஆரம்பித்தது. அப்பாவைத் தூக்கும்போது எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடி வந்து தெருமுனையில் நிற்கிறேன், எல்லோரும் காரியம் முடித்துக் குளித்துவிட்டு ஈரத்துணியோடு திரும்பி வருகிறீர்கள். அத்தனை பேர் நடுவில் நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னது ஒரே வாக்கியம். "பின்னாடி பிடிக்க ஆள் கிடைச்சாச்சு. நீ போய்க் குளிச்சிட்டு வா." அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். தோள் மாற்றிக்கொள்ள யாரும் வரவில்லை.

அரைப் பக்கம் பிச்சை வேண்டாம். இரண்டு பக்கமும் வேண்டும்.

தண்டைத் தொட்டவர்கள் சமாதானமாகிறார்கள் என்று பூரித்துப்போக வேண்டாம். சுவாமி பாதி மலையில் இருப்பதற்குக் காரணம் அங்கே சுனை இருக்கிறது, அதற்கு மேலே வெறும் வழுக்குப் பாறை. படியைப் பார்த்து இருப்பதற்குக் காரணம் சுனையின் வாய் அந்தப் பக்கம். இதையும் என் முன்னுரையில் எழுதியிருந்தேன். அதுவாவது மூன்றாம் பக்கத்தில் பிழைத்திருக்கிறது. மீதி, உங்கள் கத்தரிக்கோல் உண்டாக்கிய பக்தி.

நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மாத முடிவுவரை பார்ப்பேன்.

இப்படிக்கு,
விரிவுரையாளர்


ஜூன் 25

தம்பி,

நான்கு நாள் எழுதி நான்கு நாளும் கிழித்தேன். எனக்கு எழுதத் தெரியாது, அச்சடிக்கத்தான் தெரியும்.

முதலில் தாள் விஷயம். நீ சொன்னது சரி. எழுத்தைச் சின்னதாக்கினால் அடங்கியிருக்கும். அடக்கியும் பார்த்தேன். பக்கம் கட்டி, அச்சு மாதிரிகூட எடுத்துவிட்டேன்.

இதோடு அப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். நீ எழுதி முடித்ததும் நோட்டைத் தபாலில் எனக்கு அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? மாதிரியைப் பிழை பார்ப்பதற்காக வரிக்கு வரி நோட்டோடு ஒப்பிட்டேன். பதினாறாம் பக்கம்வரை அப்பா எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு இல்லை. சுவாமி பேசவில்லை. அண்ணன் கல்லாகவில்லை. அது எல்லாம் உன்னுடையது.

தல வரலாறு என்று போட்டு, அப்பா சேகரித்தது என்றும் போட்டு, அதில் உன் பெயரையும் போட்டால், நாளைக்கு விஷயம் தெரிந்த ஒருவன் நோட்டைக் கேட்டால் உன் நிலைமை என்ன? நீ கல்லூரியில் வேலை செய்கிறவன். அதனால் பக்கத்தை எடுத்தேன், பெயரையும் எடுத்தேன். உன்னிடம் சொன்னால் அண்ணன் கண்டுபிடித்துவிட்டான் என்று உனக்கு அவமானமாக இருக்கும். சொல்லாமல் இருந்தால் கோபம்தானே வரும், கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். அதில்தான் தப்புக் கணக்குப் போட்டேன்.

படித்தபோது எனக்கு வலித்ததா என்றால் வலித்தது. யாரைக் கல்லாக்கினாய் என்று புரியாமல் இருக்க நான் அவ்வளவு மக்கு இல்லை. ஆனால் அந்தத் தூணின் அடியில்தான் ஏறுகிறவர்களெல்லாம் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள். கல்லாகியிருந்தாலும் நான் நாலு பேருக்கு உபயோகமாகத்தான் இருந்திருப்பேன்.

அப்பாவின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று பார். "இறங்கிப் போனான்" என்பதற்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. அதை நீ விட்டுவிட்டாய். சேர்க்க எனக்கு உரிமை இல்லை, எழுதியவன் நீ. அதனால்தான் ஏழு பதிப்பிலும் அந்த அரைப் பக்கத்தை வெள்ளையாக விட்டேன். வளையல் கடைக்காரர் விளம்பரம் போட ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். "அது என் தம்பி இடம்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கும் எனக்கும் மனஸ்தாபமே வந்துவிட்டது.

அப்பா போன அன்று மதியம் ஒரு மணிவரை காத்திருந்தேன். முந்தின நாளே உன் கல்லூரி அலுவலகத்துக்கு மூன்று தடவை போன் பண்ணிச் சொல்லியிருந்தேன். பெரியவர்கள் போதும் என்றார்கள். பின்னால் யாரையும் பிடிக்க விடாமல் நின்றேன். கடைசியில் நம் பைண்டர், பசை என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், வந்து, "முதலாளி, அவர் வர்றவரைக்கும் நான் பிடிக்கிறேன்" என்றான். வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் தூக்கினோம். தெருவில் உன்னைப் பார்த்ததும் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. அது சொல்லியிருக்கக் கூடாத வார்த்தைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றினோம். வழக்கமாக நான்தான் முன்னால். அன்றைக்கு எப்படியோ பசை முன்னால் போய்விட்டான். படி ஏற ஏற மொத்த பீரோவும் என்மேல் சாய்கிறது. "டேய் பசை, நில்லுடா" என்கிறேன். அவன் மேலேயிருந்து, "இன்னும் ரெண்டே படி முதலாளி" என்கிறான். ரெண்டு ரெண்டாகப் பதினாலு படி. தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "முன்னாடி போனவனுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள். தம்பி, அறுபத்தோரு வயதில் எனக்கு அந்தக் கதை புரிந்தது. நம் வீட்டில் எத்தனையோ சாமான் நாம் இரண்டு பேரும் மாடிக்குத் தூக்கியிருக்கிறோம். நான் முன்னால்தான் போயிருக்கிறேன், எப்போதும்.

தோள் இன்னும் சரியாகவில்லை. பரவாயில்லை.

நிர்வாகத்துக்கு எழுதுவதானால் எழுது. நோட்டைப் பற்றி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அண்ணன்


ஜூலை 1

நோட்டின் நகல் கிடைத்தது. நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தை அனுப்பவில்லை. பதில் எழுத எனக்கு ஒரு வாரம் வேண்டும்.

தோளுக்கு டாக்டரைப் பார்த்தாயிற்றா?


ஜூலை 4

தம்பி,

ஒரு வாரம் எடுத்துக்கொள். பதினோரு வருடம் பொறுத்தவனுக்கு ஒரு வாரம் பெரிதல்ல.

டாக்டரைப் பார்த்தேன். ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாதாம். உன் அண்ணி, "ஆறு வாரம் அதிகாரமும் பண்ணக் கூடாதுன்னு எழுதித் தரச் சொல்லுங்க" என்றாள்.

தாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டது. பசை தினமும் பதினாறாம் பக்கத்தைக் கேட்கிறான். "அவர் எழுதறாரா இல்லையா முதலாளி?" என்றான் நேற்று. "எழுதறான்" என்றேன். "எப்படித் தெரியும்?" என்றான். "டாக்டரைப் பார்த்தியான்னு கேட்டிருக்கான்ல" என்றேன்.

அண்ணன்


ஜூலை 8

அண்ணா,

கேட்டபடி ஒரு வாரத்தில் எழுதுகிறேன். இதற்கு முன் இரண்டு கடிதத்தில் உன்னை "நீங்கள்" என்று எழுதிவிட்டேன். அது மரியாதை இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

அப்பாவின் கையெழுத்தைப் பார்த்ததும், அந்தக் கடைசி வரியை விட்டது எனக்கு உடனே நினைவு வந்தது. மறந்து விட்டதல்ல, தெரிந்தே விட்டேன். "தம்பி போனான். மழை பெய்தது." அவ்வளவுதான் அவர் எழுதியிருந்தது. சுவாமி உச்சிக்குப் போகவில்லை, சொன்ன வேலை முடியவில்லை, சகோதரர்கள் பிரிந்துவிட்டார்கள், ஆனாலும் மழை பெய்தது. இதை எழுதினால் யாரையும் கல்லாக்க முடியாது. எனக்கு அன்றைக்கு ஒருவரைக் கல்லாக்க வேண்டியிருந்தது. அதனால் மழையை எடுத்துவிட்டேன். நீ வெட்டியதற்கு முன்னாலேயே வெட்டியவன் நான். இரண்டு பக்கத்தை வெட்டினாய் என்று உன்மேல் பதினோரு வருடம் குற்றம் சுமத்தினேன்.

நீ கண்டுபிடித்தது அது ஒன்றுதான். நீ கண்டுபிடிக்காத இன்னொன்று இருக்கிறது. அதை நானே சொல்கிறேன்.

நீ போன் பண்ணிய தகவல் எனக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கே கிடைத்தது. அலுவலகக் குமாஸ்தா வகுப்பு வாசல்வரை வந்து சொன்னார். "அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம் சார், உடனே வரச் சொன்னாங்க." மறுநாள் காலை எனக்குத் துறைத்தலைவர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. அப்பாவுக்கு அதற்கு முன்பும் இரண்டு தடவை அப்படி வந்து சரியாகியிருந்தது. பத்து மணிக்குத் தேர்வை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் போதும் என்று கணக்குப் போட்டேன். பதவி வேறொருவருக்குப் போயிற்று. நான்கு மணிக்குத் தெருமுனையில் வந்து நின்றேன். தகவல் காலையில்தான் கிடைத்தது, குமாஸ்தா மறந்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்த மனிதர் இன்றும் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். அவரிடமும் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும் சார். துக்கத்துல இருக்கவர்கிட்ட என்னத்தக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

"ஆள் கிடைச்சாச்சு" என்று நீ சொன்னது அவ்வளவு ஆழமாக இறங்கியதற்குக் காரணம் உன் வார்த்தை அல்ல. அந்த இடத்தில் நிற்க எனக்கு வழி இருந்தது, நான் நிற்கவில்லை. என் தோளில் கிழிசல் எதுவும் இல்லை. பாரத்தை நான் தூக்கவே இல்லை.

சாய்வான படியில் இரண்டு பேர் தண்டில் பாரம் தூக்கினால் யாருக்கு அதிகம் என்று இயற்பியல்காரரிடம் கேட்டேன். கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். ஏறும்போது பின்னால் இருப்பவனுக்கு. "இறங்கும்போது?" என்றேன். "அப்போ முன்னால போறவர்தான் சார் மாட்டுவார்." அப்பா போனபின் அந்த அச்சகத்தையும் வீட்டையும் நீ தனியாக எந்தப் பக்கமாகச் சுமந்தாய் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

பதினாறாம் பக்கத்துக்கு இது:

"மலை ஏறும்போது பாரம் பின்னால் சாயும். முன்னால் போகிறவனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரியாது என்பது பின்னால் வருகிறவனுக்கும் தெரியவில்லை. தம்பி போனான். மழை பெய்தது. பாதி வழியில் இறக்கிய சுவாமி, உச்சிவரை காத்திருக்காமல் மழையைத் தந்தார். அண்ணன் நனைந்தபடி நின்றான். சுவாமி அன்றுமுதல் தம்பி இறங்கிய படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தம்பி திரும்பி வந்தானா என்று பழைய குறிப்புகளில் இல்லை. தண்டின் பின்முனை காலியாக இருக்கிறது. ஏறி வருகிறவர்கள் தோள் கொடுக்கிறார்கள்."

மூன்றாம் பக்கத்துச் சுனை விளக்கம் அப்படியே இருக்கட்டும். அதுவும் உண்மைதான். சுனை இருக்கும் இடத்தில் களைத்தவர்கள் இறக்கி வைப்பதும் நடக்கக்கூடியதுதான்.

எழுத்தைச் சின்னதாக்க வேண்டாம். எண்ணிப் பார்த்தேன், அடங்கும். அடங்கிய பிறகும் இரண்டு வரி இடம் மிஞ்சும். வளையல் கடைக்காரருக்குக் கொடுத்துவிடாதே.

பன்னிரண்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். அச்சேறும்போது தாள் மடிக்க ஓர் ஆள் வேண்டும், உன்னால் ஆறு வாரம் கை தூக்க முடியாது. மடிப்பு எனக்கு மறக்கவில்லை. மாடிக்கு ஏற்ற வேண்டிய கட்டுகளைப் பசை ஏற்றிவிடப் போகிறான், எனக்கு வைத்திருக்கச் சொல். பின்னால் நான் பிடிக்கிறேன். முன்னால் அவன் போகட்டும், ஆனால் நில் என்றால் நிற்க வேண்டும். அண்ணியிடம் முதுகுவலி இருக்கிறது என்று சொல், அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அதற்கு முன்போ பின்போ, உனக்கு ஏற முடிந்தால், நாம் இரண்டு பேரும் திருப்பம்வரை போய்வருவோம். உன் தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

பெயர் விஷயம். புத்தகத்தில் போட வேண்டாம். இந்த ஒரு வாரத்தில் எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன், "தொகுத்தவர்" என்று, "எழுதியவர்" என்று. அந்த அரைப் பக்கத்தில் பாதி அப்பாவுடையது, மீதி பின்முனையைத் தொட்டுத் தொட்டு வழுவழுப்பாக்கியவர்களுடையது. என் பெயருக்கு அங்கே வேலை இல்லை. இதற்காகவா பதினோரு வருடம் என்று கேட்காதே, நானே கேட்டுக்கொண்டாயிற்று.

இந்தக் கடிதத்தின் அடியிலும் "இப்படிக்கு" என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரிவுரையாளர் என்று போட மனம் வரவில்லை. தம்பி என்று போட, நேரில் வந்து நின்ற பிறகுதான் எனக்கு உரிமை. அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். தபால் எடுக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. கையொப்பம் இல்லாமலே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.